மலை அணைகளில் இறங்குவதற்கு எந்த ரெகுலேட்டர்?

குன்னூர்த் தம்பி ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். அந்தமானில் டிகம்ப்ரஷன் பயிற்சியை (ஆழத்தில் உடம்பில் கரைந்த வாயு வெளியேற, மேலே வரும் வழியில் நின்று நின்று வரும் முறை) முடித்துவிட்ட அவர், இனி இரட்டைச் சிலிண்டர் கட்டி நீருக்கடியில் ஆழத்துக்குப் போகத் தமக்கென்று சொந்தமாக ரெகுலேட்டர், அதாவது சிலிண்டரின் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவி, வாங்க நினைக்கிறார். விடுமுறை நாட்களில் கடலிலும், ஒப்பந்த வேலை கிடைக்கும்போது நீலகிரியின் மின்வாரிய அணைகளிலும் அதைப் பயன்படுத்த வேண்டும். பிஸ்டன் வகையா டயாஃப்ரம் வகையா, கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் தண்ணீரில் ரெகுலேட்டர் ஒழுங்காக வேலை செய்யுமா, கடலோரப் பயிற்சி நிலையம் ஒன்று பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லும் பழைய செட்டை வாங்கலாமா என்பவையே அந்தக் கேள்விகள்.

நான் உதகையில் இருந்துகொண்டு, அணைகளின் சுரங்க வாயிலில் குப்பையைத் தடுக்க நிறுத்தியிருக்கும் இரும்புக் கம்பிச் சட்டங்களை நீருக்கடியில் சென்று பார்வையிடும் வேலையை இருபது ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். என் ரெகுலேட்டர்களை நானே பிரித்துச் சரிசெய்துகொள்கிறேன். கீழே எழுதுவதில் பெரும்பகுதி அந்த அனுபவத்திலிருந்து வருகிறது. ஆகவே கடலில் மட்டும் இறங்குகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கமானது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரெகுலேட்டர் உயரத்தைப் பொருட்படுத்துவதில்லை. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் (கடல்மட்டத்துக் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பார்) இருக்கும் காற்றை, முதல் நிலை என்னும் பகுதி, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 9 முதல் 10 பார் கூடுதலாக இருக்கும் அளவுக்குக் குறைத்துக் குழாயில் அனுப்புகிறது. இதை இடை அழுத்தம் என்போம். வாயில் கடித்திருக்கும் இரண்டாம் நிலை அதையும் குறைத்து, அந்த ஆழத்தின் அழுத்தத்துக்கே கொண்டுவந்து மூச்சுக்குத் தருகிறது. இரண்டு நிலைகளும் அந்தந்த நொடியில் தம்மைச் சூழ்ந்திருக்கும் அழுத்தத்தைத் தொட்டு அறிந்து செயல்படுகின்றனவே தவிர, கடல்மட்டத்து அழுத்தம் எவ்வளவு என்பதை எங்கும் நினைவில் வைத்திருப்பதில்லை. ராமேஸ்வரத்தில் சரியாக அமைத்த ரெகுலேட்டர் உதகையிலும் சரியாகவே இருக்கும்.

உயரம் உங்கள் உடம்பைத்தான் பாதிக்கும். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 0.77 பார். அந்த உயரத்தில் உள்ள நன்னீர் ஏரியில் 20 மீட்டர் இறங்கி மேலே வருகிறவரின் உடம்பு 2.73 பாரிலிருந்து 0.77 பாருக்கு வருகிறது, அதாவது அழுத்தம் மூன்றரை மடங்கு குறைகிறது. கடலில் அதே விகிதம் வேண்டுமென்றால் 25 மீட்டருக்கும் மேலே இறங்கியிருக்க வேண்டும். ஆகவே கடல்மட்டத்துக்கான டிகம்ப்ரஷன் அட்டவணையை வைத்துக்கொண்டு இங்கே இறங்கக் கூடாது. கையில் கட்டிக்கொள்ளும் டைவ் கணினியில் உயரத்துக்கான அமைப்பு இருக்கிறதா, அது தானாக மாறுகிறதா, நாம் மாற்ற வேண்டுமா என்பதைக் கரையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். முள் வைத்த பழைய ஆழமானிகள் கடல்மட்டத்தைப் பூஜ்யமாகக் கொண்டவை. மலையில் அவை உண்மை ஆழத்தைவிடக் குறைத்தே காட்டும்.

ரெகுலேட்டரைப் பற்றிய பதிலில் இது வழிவிலகல்தான் என்றாலும், மலையில் வீடு இருக்கிற எல்லோருக்கும் உரியது என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ராமேஸ்வரத்திலோ புதுச்சேரியிலோ காலையில் கடலில் இறங்கிவிட்டு, அன்று இரவே பத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானலுக்கோ மேட்டுப்பாளையம் வழியாக உதகைக்கோ வண்டியேறி வந்துவிடுகிறார்கள். 2,000 மீட்டருக்கு மேலே ஏறுவதும் விமானத்தில் ஏறுவதும் உடம்புக்கு ஏறத்தாழ ஒன்றுதான். பறக்கும் விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம் இந்த உயரத்துக்குரிய அழுத்தத்தையே ஒட்டியிருக்கும். டிகம்ப்ரஷன் நிறுத்தம் தேவைப்படாத ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம், நிறுத்தங்களோடு இறங்கியிருந்தால் அதற்கும் கணிசமாகக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்பதே விமானப் பயணத்துக்குச் சொல்லப்படும் வழிகாட்டுதல். நான் என் குழுவில் 24 மணி நேரத்துக்குக் குறைவாக யாரையும் மலையேற விடுவதில்லை.

இனி பிஸ்டனா டயாஃப்ரமா என்னும் கேள்வி. பிஸ்டன் வகையில், நகரும் ஓர் உலோகத் தண்டும் அதைத் தாங்கும் சுருள்வில்லும் நீரோடு நேரடியாகத் தொடர்பில் இருக்கும். பாகங்கள் குறைவு, காற்று தாராளமாகப் பாயும், பராமரிப்பும் எளிது. ஸ்கூபாப்ரோ நிறுவனத்தின் எம்கே25 இந்த வகையில் பெயர்பெற்றது. தெளிந்த வெப்பக் கடலில் மட்டும் இறங்குகிறவருக்கு அதைவிட நல்லது வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். டயாஃப்ரம் வகையில், நீரின் அழுத்தத்தை ஒரு ரப்பர் சவ்வு வாங்கி உள்ளே இருக்கும் வால்வுக்குக் கடத்துகிறது. அந்தச் சவ்வுக்கு வெளியே இருக்கும் சுருள்வில்லையும் இன்னொரு சவ்வால் மூடி அடைத்துவிட்டால், நீர் எந்த நகரும் பாகத்தையும் தொடாது. ஸ்கூபாப்ரோவின் எம்கே17 அவ்வாறு அடைக்கப்பட்டது. அபெக்ஸ் நிறுவனமும் இந்த வகையை நெடுங்காலமாகச் செய்துவருகிறது.

குளிருக்காகத்தான் அடைத்த டயாஃப்ரம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வாதம் உண்மையானதுதான். 200 பாரிலிருந்து 10 பாருக்கு விரியும் காற்று பல பத்து டிகிரி குளிர்ந்துவிடுகிறது. சுற்றியுள்ள நீரும் குளிராக இருந்தால், வெளியே சுருள்வில்லைச் சுற்றிப் பனிக்கட்டி பிடித்து வால்வு மூடாமல் நின்றுவிடும், காற்று ஓயாமல் கொட்டும். ஐரோப்பியத் தரமான இஎன் 250 இதற்காகவே 4 டிகிரி நீரில் ஒரு சோதனையை வைத்திருக்கிறது. அதில் தேறாதவற்றின் மேல், 10 டிகிரிக்கு மேற்பட்ட நீருக்கு மட்டும் என்ற குறி பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் நம் அணைகளில் நான் இறங்கிய இடங்களில், தை மாதத்தில்கூட அடிநீர் 10 டிகிரிக்குக் கீழே போய் என் கணினியில் பார்த்ததில்லை. நீலகிரியில் நீரைவிடக் கரையில் இருக்கும் காற்றே அதிகம் உறையவைப்பது.

ஒரு ஜனவரி மாதக் காலையில் நீலகிரியின் அவலாஞ்சி அணைக் கரையில் புல்லெல்லாம் உறைபனி பூத்து, காலடி பட்டால் நொறுங்கும் நிலையில், என்னோடு வந்த ஒருவர் சிலிண்டரைத் திறந்து, பழக்கத்தின்படி ரெகுலேட்டரில் ஐந்தாறு மூச்சு இழுத்துவிட்டு, இரண்டாம் நிலையில் காற்றைத் திறந்துவிடும் பொத்தானையும் நீளமாக அழுத்திச் சோதித்துவிட்டு நீரில் இறங்கினார். மூச்சில் இருந்த ஈரம் இரண்டாம் நிலையின் உள்ளே நெம்புகோலின் மேல் ஏற்கெனவே உறைந்திருந்தது. மூன்று மீட்டரில் சீறத் தொடங்கிய காற்று நிற்கவில்லை. வால்வை அடைப்பதற்குள் 60 பார் போய்விட்டது. அவரிடம் இரண்டு முதல் நிலைகள் தனித்தனியாக இருந்ததால், ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றில் மூச்சுவிட்டபடி அமைதியாக மேலே வந்தார். அந்த ரெகுலேட்டர் தரமானது, குளிர்நீர்ச் சோதனையில் தேறியதும்கூட. அன்றிலிருந்து எங்கள் குழுவில், கரையில் உறைபனி இருக்கிற நாளில் மூச்சுச் சோதனையைத் தலை நீருக்குள் போன பிறகே செய்கிறோம். சிலிண்டரை முந்தைய இரவு வண்டியில் விடாமல் அறைக்குள் எடுத்து வைக்கிறோம்.

அப்படியானால் அடைத்த டயாஃப்ரம் எதற்காக? சேற்றுக்காக. மேலே கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் சரிவுகளிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் செம்மண் கரைந்து ஓடையில் இறங்கி, அணைகளின் அடியில் வந்து படிகிறது. அது கடல் மணலைப் போல உருண்டு விழுவதில்லை. மாவு போல நுண்ணியது, கையை அசைத்தால் புகையாக எழுந்து அரை மணி நேரம் இறங்காமல் நிற்கும். என் முதல் செட் பிஸ்டன் வகை. கம்பிச் சட்டத்தின் அடியில் மூன்று நாள் வேலை செய்துவிட்டு அதைப் பிரித்தபோது, சுருள்வில் இருக்கும் அறைக்குள் சிவப்பாகக் குழைந்த களிம்பு நிரம்பியிருந்தது. பிஸ்டன் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குக் கீறல் விழுந்திருந்தது. நல்ல தண்ணீரில் ஊறவைத்தால் அந்தச் சேறு தானாக வருவதில்லை. ஒவ்வொரு முறையும் பிரித்தாக வேண்டும். அதற்குப் பிறகு நான் வாங்கியவை எல்லாம் அடைத்த டயாஃப்ரம் வகைதான். வெளிச்சவ்வைத் துடைத்தால் போதும், உள்ளே புதிதாக இருக்கிறது. உங்கள் வேலை அணையிலும் இருக்கிறது என்பதால் உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

எந்தக் கம்பெனி என்பதைவிட, ஒரே மாதிரி இரண்டு என்பதையே முக்கியமாகக் கருதுங்கள். நீலகிரியில் ரெகுலேட்டரைப் பிரித்துச் சரிசெய்து தரும் கடை கிடையாது. ஒரு ஓ-ரிங்குக்கும் மலையிறங்க வேண்டும், அல்லது கூரியருக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு முதல் நிலைகளும் ஒரே மாடலாக இருந்தால் ஒரே சர்வீஸ் கிட், ஒரே கருவி, ஒரே செய்முறை போதும். ஒன்றில் கற்ற கைப்பழக்கம் மற்றதற்கும் உதவும். வாங்கும்போதே இரண்டு கிட் சேர்த்து வாங்குங்கள். அந்த மாடலுக்கு உதிரிபாகம் இந்தியாவில் கிடைக்கிறதா என்று கேட்டு, தெளிவான பதில் வராவிட்டால், எவ்வளவு உயர்ந்த ரெகுலேட்டராக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மற்றபடி முதல் நிலை, இரண்டாம் நிலை இரண்டும் பேலன்ஸ்டு வகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சிலிண்டர் காலியாகக் காலியாக, அதுவும் டிகம்ப்ரஷன் நிறுத்தத்தில் நிற்கும் நேரத்தில், மூச்சு இழுக்கக் கடினமாகும்.

மூச்சின் சுகத்தைப் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுகின்றன. இஎன் 250 சோதனையில், 50 மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் மூச்சு ஓடும்போது, ஒரு லிட்டருக்கு 3 ஜூலுக்கு மேல் உழைப்பு ஆகக் கூடாது. நல்ல ரெகுலேட்டர்கள் எல்லாமே அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் வேறுபாடு வாய்க்குப் பெரிதாகத் தெரிவதில்லை. ஆழத்தில் மூச்சை உண்மையில் கனமாக்குவது வாயுவின் அடர்த்தி. டைவிங் ஆய்வாளர்களான கேவின் அந்தோனியும் சைமன் மிட்செலும் ஆராய்ந்து சொன்ன வரம்பு லிட்டருக்கு 5.2 கிராம், எந்நிலையிலும் 6.2 கிராமைத் தாண்டக் கூடாது. கடலில் சாதாரணக் காற்று 31 மீட்டரிலேயே முதல் வரம்பைத் தொட்டுவிடுகிறது, 39 மீட்டரில் இரண்டாவதை. அதற்குக் கீழே போகிறவர் விலை கூடிய ரெகுலேட்டருக்குச் செலவிடும் பணத்தை, மூச்சு வாயுவில் கலந்து அடர்த்தியைக் குறைக்கும் ஹீலியத்துக்குச் செலவிடுவதே அறிவு.

சிலிண்டரில் பொருத்தும் முறை டின் (DIN) என்னும் திருகு வகையாக இருக்கட்டும். ஓ-ரிங் ரெகுலேட்டரிலேயே அமர்ந்து, திருகி உள்ளே போய் அடைபடுவதால், கூரையிலோ கம்பியிலோ இடித்தாலும் அது பிதுங்கி வெளியே வராது. 300 பார் டின் திருகு 200 பார் வால்விலும் பொருந்தும்; 200 பார் திருகு 300 பார் வால்வில் பொருந்தாது. நம் கடலோர நிலையங்களில் கவ்வி வகை வால்வுகளே அதிகம் என்பதால் ஓர் அடாப்டரும், வால்வின் நடுவில் இருக்கும் திருகுச் செருகியைக் கழற்ற ஓர் ஆலன் சாவியும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சில வால்வுகளில் அதைக் கழற்றினாலே டின் ஆகிவிடும்.

இரட்டைச் சிலிண்டரில் எந்த வால்வுக்கு எந்தக் குழாய் என்பதில் பலரும் தங்கள் விருப்பப்படி செய்கிறார்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைப் பின்பற்றுங்கள். முன்னோக்கி நீந்தும்போது தலைக்கு மேலே உள்ள எதிலாவது கைப்பிடிகள் உரசினால், இடது வால்வு மூடும் திசையில் சுழலும், வலது வால்வு திறக்கும் திசையில் சுழலும். ஆகவே வாயில் இருக்கும் ரெகுலேட்டரும் மிதவைப் பைக்குக் காற்றுத் தரும் குழாயும் வலது வால்விலிருந்து வர வேண்டும். கழுத்தில் ரப்பர் கயிற்றில் தொங்கும் மாற்று ரெகுலேட்டரும் சிலிண்டரின் அழுத்தமானியும் இடதிலிருந்து வரட்டும். வாயில் இருப்பதற்கு 2.1 மீட்டர் நீளக் குழாய்: காற்றுத் தீர்ந்த கூட்டாளி பதற்றத்தில் பறிக்கப்போவது நம் வாயில் இருப்பதைத்தான், அதை அவரிடம் கொடுத்துவிட்டுக் கழுத்தில் இருப்பதை நாம் எடுத்துக்கொள்கிறோம். கம்பிச் சட்டத்தின் குறுகிய இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக வெளியே வர அந்த நீளம் தேவை. குழாய் சாதாரண ரப்பராக இருந்தால் போதும். பின்னல் உறை போட்ட சில குழாய்களில், வெப்பநாடுகளில் உள் அடுக்கு சிதைந்து, பளிங்கு போன்ற துகள்கள் உண்டாகிக் குழாயையே அடைத்திருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது.

டிகம்ப்ரஷன் நிறுத்தங்களில் மூச்சுவிட எடுத்துச்செல்லும், ஆக்சிஜன் கூடிய தனிச் சிலிண்டருக்கான ரெகுலேட்டர் மூன்றாவதாக ஒன்று வேண்டும். 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் இருக்கும் வாயுவுக்கு, எண்ணெய்ப் பசையே இல்லாமல் ஆக்சிஜனுக்கென்று சுத்தம் செய்து, அதற்கேற்ற ஓ-ரிங்கும் கிரீஸும் போட்டதை மட்டுமே பயன்படுத்த வேண்டும். அதற்குப் பிறகு அதைக் கம்ப்ரஸர் காற்றில் போட்டால் அந்தச் சுத்தம் போயிற்று. டைட்டானியத்தில் செய்த முதல் நிலையை ஆக்சிஜனுக்கு வைத்துக்கொள்ளவே கூடாது, அந்த உலோகம் உயர் ஆக்சிஜனில் தீப்பற்றும். வால்வை எப்போதும் மெதுவாகத் திறங்கள். இறங்கும் முன்பு ஒருமுறை திறந்து குழாயில் அழுத்தம் ஏற்றிவிட்டு மூடிக்கொண்டால், இறங்கும்போது நீர் உள்ளே புகாது.

கடைசியாக அந்தப் பழைய செட். பாதி விலை என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். முதல் நிலையின் வாயில் ஒரு சின்ன உலோக வடிகட்டி இருக்கும். தூசி மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் உப்புநீரோ ஈரமோ உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பு என்றால் இரும்புச் சிலிண்டரின் துரு வந்திருக்கிறது. கறுப்பு என்றால் கம்ப்ரஸரின் கரி வடிகட்டி உடைந்து, தூளோ எண்ணெயோ வந்திருக்கிறது. பச்சையைக் கண்டால் நான் வாங்குவதில்லை. பிறகு தூசி மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிலிண்டரில் பொருத்தாமலே இரண்டாம் நிலையில் மூச்சை இழுத்துப் பாருங்கள். காற்று வந்தால் சவ்விலோ வெளிவிடும் வால்விலோ ஓட்டை. அடுத்து, நிரப்பிய சிலிண்டரில் பொருத்தி, ஒரு பேசின் தண்ணீரில் இரண்டாம் நிலையை வாய்ப்பகுதி மேலே பார்த்திருக்க மெதுவாக அமிழ்த்துங்கள். சவ்வுக்கு மேல் மூன்று நான்கு சென்டிமீட்டர் நீர் ஏறும்போது சீறல் தொடங்க வேண்டும். அதற்கு முன்பே தொடங்கினால் நீரில் தானாகக் கசியும், மிகவும் தாமதித்தால் இழுக்கக் கடினமாக இருக்கும். இவை இரண்டும் சரிசெய்யக் கூடியவை.

கடைசிச் சோதனைக்கு இடை அழுத்தமானி வேண்டும். மிதவைப் பைக் குழாயின் நுனியில் அதைச் செருகி, வால்வைத் திறந்து, பொத்தானைப் பத்து முறை அழுத்திவிட்டால், முள் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். 9.5 பாரில் நின்ற முள் ஐந்து நிமிடத்தில் 10, 10.5 என்று மெல்ல ஏறினால், உள்ளே உயர் அழுத்த வால்வை அடைக்கும் இருக்கை என்னும் பாகம் தேய்ந்துவிட்டது. இருக்கை மட்டும் மாற்றினால் சரியாகும் பழுதா, அதன் எதிரே இருக்கும் உலோக விளிம்பே கீறிவிட்டதா என்பது பிரித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் தெரியும். விளிம்பு கீறியிருந்தால் பல மாடல்களில் முதல் நிலையையே தூக்கிப்போட வேண்டியதுதான். அந்த மானி என்னிடம் இருக்கிறது. பணம் கொடுக்கும் முன்பு, இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொல்வதாக அவர்களிடம் கேட்டு, செட்டையும் 200 பாருக்கு நிரப்பிய ஒரு சிலிண்டரையும் உதகைக்கு எடுத்து வாருங்கள் தம்பி. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கிவைக்கிறேன், நீங்களே உங்கள் கையால் பிரித்துப் பார்க்கலாம்.